சிறிய விமானத்துக்குப் புதிய கருவி: பழைய வயர் போதுமா?

உங்கள் கம்ப்யூட்டரை மேஜையிலிருந்து சற்று நகர்த்தி, அதன் பின்புறத்தை என்றாவது பார்த்திருக்கிறீர்களா? மின்சாரத்துக்கு ஒன்று, மானிட்டருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று என வயர்கள் பின்னிக் கிடக்கும். எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் வரை நாம் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு நாள் புதிய மானிட்டர் ஒன்றை வாங்கி வருகிறோம். பெட்டியைப் பிரித்தால், அதில் ஹெச்டிஎம்ஐ சாக்கெட் மட்டுமே இருக்கிறது. நம் பழைய கம்ப்யூட்டரில் இருப்பதோ விஜிஏ. இப்போது என்ன செய்வது? பழைய வயருக்குப் பொருந்தும் மானிட்டராக மாற்றி வாங்கலாம். இடையில் ஒரு அடாப்டரைச் சொருகலாம். அல்லது கம்ப்யூட்டரில் புதிய கார்டு பொருத்தி, கேபிளையும் புதிதாகப் போடலாம்.

சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்வி, இதே மூன்று பதில்களோடு வருகிறது. ஒரே ஒரு வித்தியாசம். நம் வீட்டில் தவறு நேர்ந்தால் திரை கறுப்பாகும். கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகுவோம். வானத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் அவர்கள் வயர்களைப் பற்றி நம்மைவிட அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பார்த்தால், கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கும் சில பாடங்கள் கிடைக்கும்.

ஏவியானிக்ஸ் என்றால் என்ன?

விமானத்தில் உள்ள எலக்ட்ரானிக் கருவிகள் அனைத்தையும் சேர்த்து ஏவியானிக்ஸ் என்று அழைக்கிறார்கள். ஏவியேஷன், எலக்ட்ரானிக்ஸ் என்ற இரு சொற்களின் சேர்க்கை இது. பைலட் தரையோடு பேசும் ரேடியோ, வழிகாட்டும் ஜிபிஎஸ், ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர், தானாகவே விமானத்தை ஓட்டும் ஆட்டோபைலட், இவற்றின் தகவல்களைக் காட்டும் திரைகள் எல்லாம் இதில் அடங்கும்.

உலகில் அதிகம் தயாரிக்கப்பட்ட சிறிய விமானம் செஸ்னா 172. நான்கு பேர் அமரக்கூடியது. 1956 முதல் (1986 முதல் 1996 வரையிலான இடைவெளி தவிர) 44,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டுள்ளது. இவற்றில் 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட பல விமானங்கள் இன்றும் பறக்கின்றன. நன்றாகப் பராமரித்தால் அலுமினிய உடல் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் உழைக்கும். எலக்ட்ரானிக்ஸ் அப்படி இல்லை. ஆகவே ஒரே விமானத்தில் கருவிகளை இரண்டு, மூன்று முறை மாற்றிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மெக்கானிக் புதிய வயர்களைப் போடுகிறார். பழைய வயர்களை உருவி எடுப்பது கடினம் என்பதால், பல சமயம் முனையை வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். இதனால் கருவிப் பலகையான பேனலுக்குப் பின்னால் எது உயிருள்ள வயர், எது செத்த வயர் என்றே தெரியாத ஒரு காடு உருவாகிறது.

அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பகுதி உட்படப் பல பகுதிகளில் பறக்க ஏடிஎஸ்-பி என்ற கருவி கட்டாயமானது. விமானம் தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் கண்டறிந்து, தானே ரேடியோவில் அறிவித்துக்கொண்டே போகும் முறை இது. இதற்காகப் பழைய விமானங்கள் பல மெக்கானிக் கடைக்கு வந்தன. பேனலைத் திறந்த பிறகுதான், புதிய பெட்டியின் விலையோடு கதை முடியவில்லை, வயரிங் கூலியும் சேர்ந்து வரும் என்பது பலருக்குப் புரிந்தது.

முன்னால் இருக்கும் வழிகள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கார்மின் நிறுவனம் 1998ல் ஜிஎன்எஸ் 430 என்ற கருவியை வெளியிட்டது. ஜிபிஎஸ், பேசும் ரேடியோ, வழிகாட்டும் ரேடியோ மூன்றும் ஒரே பெட்டியில். சிறிய விமானங்களில் இது மிகப் பரவலாகப் பொருத்தப்பட்டது. இப்போது இதை மாற்ற விரும்புபவருக்கு என்னென்ன வழிகள் உள்ளன?

1. அதே இடத்தில் சொருகுவது: அவிடைன் நிறுவனத்தின் ஐஎஃப்டி 440 என்ற கருவி, பழைய 430 இருந்த அதே தட்டில், அதே கனெக்டர்களில் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டது. பழையதை உருவி, புதியதை உள்ளே தள்ளலாம். வயரிங் வேலை மிகக் குறைவு. ஆனால் பழைய வயர்கள் எதைக் கொண்டுவந்தனவோ, அது மட்டும்தான் புதிய பெட்டிக்கும் கிடைக்கும். புதிய வசதிகளுக்குக் கூடுதல் வயர் தேவை. அதோடு, ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைக் கூட்ட அமெரிக்காவில் 2003ல் தொடங்கிய வாஸ் என்ற சேவையை, தொடக்க கால 430 பயன்படுத்தாது. அப்படிப்பட்ட விமானம் என்றால் ஆன்டெனாவையும் மாற்ற வேண்டும்.

2. இடையில் அடாப்டர் வைப்பது: புதிய கருவி பேசும் மொழி வேறு, பழைய கருவி பேசும் மொழி வேறு என்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கார்மின் ஜி5 என்ற சிறிய திரையோடு சேர்த்துப் பொருத்தப்படும் ஜிஏடி 29 என்ற பெட்டி இந்த வேலையைத்தான் செய்கிறது. யுஎஸ்பி போர்ட்டில் பழைய பிரிண்டரை இணைக்க நாம் வாங்கும் மாற்றி போன்றது இது. பழைய கருவிகளைத் தூக்கி எறியாமல் காப்பாற்றலாம். ஆனால் கூடுதலாக ஒரு பெட்டி, கூடுதலாகச் சில கனெக்டர்கள். பழுதாக வாய்ப்புள்ள இடங்களும் அந்த அளவுக்குக் கூடுகின்றன.

3. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டுப் புதிதாகப் போடுவது: பேனலை முழுவதும் கழற்றி, பழைய வயர்களை உருவி எறிந்துவிட்டு, புதிய வயர் கட்டைப் போடுவார்கள். இந்தக் கட்டை ஹார்னஸ் என்கிறார்கள். செலவும் நாளும் அதிகம். ஆனால் செத்த வயர்கள் போய்விடுவதால் எடை குறைகிறது. என்ன எங்கே போகிறது என்பதும் காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. ஹார்னஸை முன்கூட்டியே மேஜையில் வைத்துச் செய்து, சோதித்து, பிறகு பொருத்தும் முறையும் உண்டு. தலைகீழாகப் படுத்துக்கொண்டு பேனலுக்கு அடியில் வேலை செய்வதைவிட மேஜையில் செய்யும்போது தவறுகள் குறையும்.

4. வயரே போடாமல் தப்பிப்பது: யுஏவியானிக்ஸ் நிறுவனத்தின் ஸ்கைபீக்கன் இதற்கு நல்ல உதாரணம். இறக்கை நுனியில் இருக்கும் விளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்தும் ஏடிஎஸ்-பி கருவி இது. விளக்கு, ஜிபிஎஸ், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. மின்சாரம் விளக்குக்கு வந்த பழைய வயரிலிருந்தே கிடைக்கிறது. டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் பதில்களையும் விமானத்தின் மின்வயர் வழியாகவே அது ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறது. செட்டிங்குகளை வைஃபை மூலம் செல்போனில் மாற்றலாம். கெட்டிக்காரத்தனமான தீர்வுதான். ஆனால் அந்த விளக்கின் பழைய வயரும், அதன் கிரவுண்டு இணைப்பும் நன்றாக இருந்தால்தான் இது வேலை செய்யும். விளக்கு ஸ்விட்சை மறந்து அணைத்துவிட்டால் இதுவும் அணைந்துவிடும்.

வயரும் வயரும் ஒன்றல்ல

பழைய வயரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதற்கு முதலில் அந்த வயர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். பழைய சிறிய விமானங்களில் பிவிசி உறை போட்ட வயர்கள் உண்டு. நம் வீட்டு வயர்களிலும் இருப்பது இதுதான். பிவிசி எரிந்தால் அடர்ந்த புகையும், கண்ணையும் மூச்சையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும். அறையில் என்றால் வெளியே ஓடலாம். விமானத்தில் எங்கே ஓடுவது?

ஆகவே இப்போது டெஃப்செல் என்ற பெயரில் அறியப்படும் உறை கொண்ட வயரையே பயன்படுத்துகிறார்கள். இது 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். எளிதில் தீப்பிடிக்காது. உறை மெல்லியதாக இருப்பதால் எடையும் குறைவு. உள்ளே ஒரே கம்பி இல்லாமல், வெள்ளீயம் பூசிய பல மெல்லிய செம்பு இழைகள் இருக்கும். எஞ்சினின் அதிர்வில் ஒற்றைக் கம்பி முறிந்துவிடும். இழைகள் வளைந்து கொடுக்கும்.

அடுத்தது தடிமன். இதைக் கேஜ் எண்ணால் குறிப்பிடுகிறார்கள். எண் கூடக் கூட வயர் மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 22 கேஜ் மெல்லியது, 18 கேஜ் அதைவிடத் தடித்தது.

தடிமன் ஏன் முக்கியம்? ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். 22 கேஜ் செம்பு வயரின் மின்தடை ஒரு மீட்டருக்குச் சுமார் 0.053 ஓம். 3 மீட்டர் நீள வயரில் 5 ஆம்பியர் மின்சாரம் போனால், வழியிலேயே 0.8 வோல்ட் தொலைந்துவிடும். 18 கேஜ் வயரில் மின்தடை மீட்டருக்கு 0.021 ஓம் என்பதால் இழப்பு 0.3 வோல்ட் மட்டுமே. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 1998ல் வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி, 14 வோல்ட் அமைப்பில் தொடர்ந்து ஓடும் கருவிக்கு 0.5 வோல்ட் வரைதான் இழப்பு இருக்கலாம் என்கிறது. ஆக, பழைய கருவி குறைந்த மின்சாரம் எடுத்தது என்பதற்காகப் போட்ட மெல்லிய வயர், அதிக மின்சாரம் எடுக்கும் புதிய கருவிக்குப் போதாமல் போகலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கணக்கு போட்டால்தான் தெரியும்.

வயருக்குள் ஓடும் மொழிகள்

மின்சாரம் கொண்டுபோகும் வயர் ஒரு வகை. தகவல் கொண்டுபோகும் வயர் இன்னொரு வகை. இதில் சில பெயர்கள் உங்களுக்குப் பழக்கமானவையாகவே இருக்கும்.

ஆர்எஸ்-232: பழைய கம்ப்யூட்டர்களின் பின்புறம் 9 பின் கொண்ட சீரியல் போர்ட் இருந்தது அல்லவா? அதேதான். வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து இது மறைந்துவிட்டாலும் சிறிய விமானங்களில் இன்றும் வாழ்கிறது. அனுப்ப ஒன்று, பெற ஒன்று, கிரவுண்டு ஒன்று என மூன்றே வயர்கள் போதும். ஒரு கருவியின் அனுப்பும் பின், மற்றதன் பெறும் பின்னோடு இணைய வேண்டும். இதை மாற்றிப் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு பக்கமும் வேகமும் தகவல் வடிவமும் ஒன்றாக இருக்கும்படி செட்டிங்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வயர் சரியாக இருந்தும் கருவிகள் பேசாது.

ஏரின்க் 429: விமானங்களுக்கென்றே உருவான முறை. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள், மேலே உலோகப் பின்னல் உறை. ஒருவர் மட்டும் பேசுவார்; 20 பேர் வரை கேட்கலாம். கேட்பவர் பதில் சொல்ல வேண்டுமானால் தனியாக இன்னொரு ஜோடி வயர் வேண்டும். வேகம் நொடிக்கு அதிகபட்சம் 1,00,000 பிட். இன்றைய இன்டர்நெட் வேகத்தோடு ஒப்பிட்டால் ஆமை. ஆனால் நம்பகமான ஆமை.

கேன் பஸ்: கார்களுக்காக போஷ் நிறுவனம் உருவாக்கி 1986ல் அறிமுகம் செய்தது. ஒரே ஜோடி வயரில் பல கருவிகளை வரிசையாகக் கோத்துவிடலாம். இதனால் வயர் வெகுவாகக் குறைகிறது. இரண்டு கடைக்கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். புதிதாக ஒரு கருவியைக் கடைசியில் சேர்ப்பவர், பழைய முனையிலிருந்த ரெசிஸ்டரை எடுத்துப் புதிய முனைக்கு மாற்ற மறந்தால், இணைப்பு சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. இப்படி விட்டுவிட்டு வரும் பழுதுதான் கண்டுபிடிக்க மிகக் கடினமானது.

இவை தவிர, 2004 முதல் செஸ்னா விமானங்களில் வந்த கார்மின் ஜி1000 போன்ற முழுத்திரை அமைப்புகளில், உங்கள் வீட்டில் இருக்கும் ஈதர்நெட்டை அடிப்படையாகக் கொண்ட இணைப்பும் உண்டு.

ஆன்டெனா கேபிள்

மற்ற வயர்களை மாற்றினாலும் பலர் தொடாமல் விடுவது ஆன்டெனா கேபிளை. பழைய விமானங்களில் ஆர்ஜி-58 என்ற கேபிள் இருக்கும். இப்போது சிபாரிசு செய்யப்படுவது ஆர்ஜி-400. இதில் இரட்டைப் பின்னல் உறை உள்ளது. வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். இரட்டை உறை ஏன் தேவை? ஜிபிஎஸ் சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. விண்வெளியிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னல் அது. பைலட் பேசும் ரேடியோவை 131.25 மெகாஹெர்ட்ஸில் வைத்தால், அதன் 12 மடங்கு 1575. ஜிபிஎஸ் காதருகே நின்று கத்துவது போலத்தான். 121.15 மெகாஹெர்ட்ஸிலும் 13 மடங்கில் இதே தொல்லை வரலாம். அதனால் புதிய ஜிபிஎஸ் பொருத்திய பிறகு இந்த அலைவரிசைகளில் பேசிப் பார்த்து, ஜிபிஎஸ் தடுமாறுகிறதா என்று சோதிப்பார்கள்.

பழுது முனையில்தான் வரும்

வயர் நடுவில் பழுதாவது குறைவு. முனையில்தான் பழுது வரும். நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் எல்லாவற்றையும் சால்டர் செய்வார்கள். விமானத்தில் பெரும்பாலும் அதற்கென உள்ள கருவியால் பின்னை அழுத்திப் பொருத்துகிறார்கள். இதற்குக் கிரிம்ப் செய்வது என்று பெயர். சால்டர் இழைகளுக்குள் ஊறி, அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிகிற இடத்தில், அதிர்வால் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும்.

ஹெட்போனில் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு ஊளைச் சத்தம் கேட்டால், பெரும்பாலும் காரணம் கிரவுண்டு இணைப்புதான். இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் கிரவுண்டு செய்யப்பட்டிருந்தால், ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அந்த வழியே உள்ளே வந்துவிடும். ஒலி வயரின் உலோக உறையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டு செய்வது இதைத் தவிர்க்கத்தான். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் வரும் உறுமல் சத்தத்திற்கும் பல சமயம் இதுவே காரணம்.

ஒரு விபத்து சொன்ன பாடம்

1998 செப்டம்பர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட சுவிஸ்ஏர் 111 விமானம், கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையருகே கடலில் விழுந்தது. 229 பேரும் இறந்தனர். அது பெரிய எம்டி-11 விமானம். ஆனால் பாடம் சிறிய விமானத்துக்கும் பொருந்தும்.

கனடாவின் விசாரணை வாரியம் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆராய்ந்து 2003ல் அறிக்கை கொடுத்தது. பயணிகள் படம் பார்க்கவும் விளையாடவும் பிறகு சேர்க்கப்பட்ட கம்ப்யூட்டர் அமைப்பு ஒன்று அதில் இருந்தது. தீ தொடங்கிய பகுதியில், அந்த அமைப்பின் மின்வயரில் மின்பொறி பறந்த தடயம் கிடைத்தது. முதல் பொறி அதுதானா என்று வாரியத்தால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. பொறி, அருகிலிருந்த எளிதில் எரியும் உறைப் பொருளைப் பற்றிக்கொண்டது. பைலட்டுகள் வாசனையை உணர்ந்ததற்கும் விமானம் விழுந்ததற்கும் இடையே சுமார் 21 நிமிடங்களே இருந்தன.

இன்னொன்றையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. புகை வந்தால் பயணிகள் பகுதிக்கான மின்சாரத்தை அணைக்க பைலட்டிடம் ஒரு ஸ்விட்ச் இருந்தது. புதிய அமைப்புக்கு மின்சாரம் எடுத்ததோ வேறு இடத்திலிருந்து. ஆகவே அந்த ஸ்விட்சைப் போட்டாலும் அது அணையாது. சர்க்யூட் பிரேக்கர்களும் இத்தகைய சிறு பொறிகளை உணர்ந்து துண்டிக்கும் வகையில் இல்லை.

கருவி நல்லதா என்று கேட்டால் மட்டும் போதாது. அதன் வயர் எங்கே தொடங்குகிறது, எதை உரசிக்கொண்டு போகிறது, எந்த ஸ்விட்ச் அதை அணைக்கும் என்றும் கேட்க வேண்டும்.

எப்படி முடிவு செய்வது?

• வயரிங் படமும், வயர்கள் பற்றிய விவரமும் கையில் உள்ளனவா? இருந்தால் பழைய வயரை வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம். இல்லாவிட்டால் முதலில் அதைத் தயாரிக்க வேண்டும்.

• வயரின் உறை வெடித்தோ, நிறம் மாறியோ, விறைத்தோ இருக்கிறதா? ஆம் என்றால் புதிய வயர்தான். இதில் பேரம் கிடையாது.

• ஒரே ஒரு கருவியை மட்டும் மாற்றுகிறீர்களா? வயர் நன்றாக இருந்தால் அதே இடத்தில் சொருகும் கருவி லாபம்.

• இரண்டு, மூன்று ஆண்டுகளில் மற்ற கருவிகளும் மாறப்போகின்றனவா? அப்படியானால் அடாப்டருக்குச் செலவு செய்வதைவிட, ஒரே முறை பேனலைத் திறந்து முழுவதும் மாற்றுவது நல்லது. பேனலைத் திறந்து மூடும் கூலி ஒவ்வொரு முறையும் வரும்.

• வேலையை யார் செய்வது? அமெரிக்காவில், தானே கட்டிய விமானம் என்றால் சொந்தக்காரரே வயரிங் செய்யலாம். தொழிற்சாலையில் செய்து சான்றிதழ் பெற்ற விமானம் என்றால், உரிமம் பெற்ற மெக்கானிக் செய்து அல்லது மேற்பார்வையிட்டு, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு வேலையைத் தவிர்க்கக் கூடாது. ஒவ்வொரு வயருக்கும் ஓர் எண் கொடுத்து, இரண்டு முனைகளிலும் லேபிள் ஒட்டி, பட்டியல் எழுதி வைக்க வேண்டும். எந்தப் பின்னிலிருந்து எந்தப் பின்னுக்கு, என்ன கேஜ், எந்த பிரேக்கர், எந்தத் தேதியில் போட்டது என எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த சாப்ட்வேர் தேவையில்லை. கம்ப்யூட்டரில் சாதாரண எக்ஸெல் தாள் போதும். பத்து ஆண்டுகள் கழித்து பேனலுக்குப் பின்னால் தலையை நீட்டுபவர் வேறொருவராக இருக்கலாம். அவர் சரியான வயரை வெட்டுவாரா, தவறான வயரை வெட்டுவாரா என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். இந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை அணைத்து, மின்சார பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் உள்ள வயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதற்கும் இணைக்கப்படாமல் கிடப்பதை எடுத்துவிடுங்கள். உறை வெடித்ததை மாற்றுங்கள். மற்றவற்றுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். அரை மணி நேர வேலைதான். அடுத்த முறை மானிட்டர் மாற்றும்போது அதன் அருமை தெரியும்.